நாலு வசனம், நாற்பது நிமிடம்: முதல் தடவை மேடையேறும் நண்டுக்கு

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் தரம் படிக்கிறாள். எங்கள் சனசமூக நிலையத்தின் இளைஞர் நாடகக் குழு ஆவணியில் ஒரு சிறுவர் நாடகம் போடுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிலைய முற்றத்தில் திறந்த மேடை. ஆமை, மீனவர் எல்லாம் வரும் கடற்கரைக் கதை, இவளுக்கு நண்டு வேடம். நாற்பது நிமிட நாடகத்தில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மேடையில் நிற்கிறாள், ஆனால் வசனம் நாலே நாலுதான். 'நாலு வசனத்துக்கோ இவ்வளவு அலைச்சல்' என்கிறா அம்மம்மா. நாலையும் முதல் நாளே பாடமாக்கிவிட்டாள். ஆனால் ஒத்திகையில் தன் முறை வரும்போது விட்டுவிடுகிறாளாம். இப்போது ஒத்திகை நாட்களில் வயிறு நோகுது என்று படுக்கிறாள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, நிறுத்துவோம் என்கிறார் கணவர். இன்னும் நாலு கிழமை இருக்கிறது. நெறியாளரிடம் கொஞ்சம் பெரிய பாத்திரம் கேட்டுப் பார்க்கலாமா? உடுப்பும் வீட்டிலேயே செய்ய வேண்டுமாம். நாங்கள் என்னதான் செய்வது?
– ஒரு தாய், பாலையூற்று, திருகோணமலை

பதில்: அன்பின் சகோதரிக்கு,

முதல் நாளே பாடமாக்கிய பிள்ளை முறை வரும்போது விடுகிறாள் என்றால் அவளுடைய ஞாபகத்தில் குறை இல்லை. தன்னுடைய நாலு வசனத்தை அவள் பாடமாக்கியிருக்கிறாள். அந்த நாலுக்கும் முன்னால் மற்றவர்கள் பேசும் நாலு வசனத்தை யாரும் அவளுக்குக் காதில் போடவில்லை. வீட்டில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளையின் வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு, 'சொல்லு பாப்பம்' என்று கேட்கிறோம். அவள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கடகடவென்று ஒப்புவிக்கிறாள். மேடையிலோ முதலாம் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் இடையில் பதினொரு நிமிடம் இருக்கலாம். அந்தப் பதினொரு நிமிடத்தில் எந்தச் சொல் காதில் விழுந்ததும் வாய் திறக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒத்திகையில் இதைக் 'கியூ' என்பார்கள். தனக்கு முன் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்கள்தான் அது.

ஆகவே வீட்டு வேலை இப்படித் தொடங்கட்டும். நெறியாளரிடம் முழுப் பிரதியின் படி ஒன்று வாங்குங்கள், அவளுடைய பக்கங்கள் மட்டும் போதாது. ஒரு நாள் இரவு எல்லோரும் இருந்து முழு நாடகத்தையும் ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். அம்மம்மாவுக்கு ஆமையைக் கொடுங்கள், அப்பாவுக்கு மீனவரைக் கொடுங்கள். யாரும் நடிக்க வேண்டாம், வாசித்தால் போதும். கதை எங்கே போகிறது, நண்டு ஏன் அங்கே நிற்கிறது என்பது பிள்ளைக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கும். ('நாலு வசனத்துக்கோ' என்ற கேள்வியும் அன்றைக்கே கொஞ்சம் அடங்கும்.)

அடுத்த நாள் ஒரு 40 பக்கக் கொப்பி எடுங்கள். இடது பக்கத்தில் முன்வசனத்தின் கடைசிச் சொற்கள், வலது பக்கத்தில் அவளுடைய வசனம், அதற்குக் கீழே அந்த நேரம் அவள் மேடையில் எங்கே நிற்கிறாள், யாரைப் பார்க்கிறாள் என்பது. உதாரணமாக, மீனவர் '...இண்டைக்கு ஒண்டும் மிஞ்சாது' என்று முடித்தால் நண்டு 'வலை வருது! வலை வருது!' என்று கத்த வேண்டும். அப்படியானால் இடது பக்கத்தில் 'ஒண்டும் மிஞ்சாது' என்று இருக்கும். அவளே தன் கையால் எழுதட்டும். வசனம் இல்லாத இடங்களையும் எழுத வேண்டும்: ஆமை விழும்போது திரும்புவது, பாட்டு தொடங்கும்போது எழும்புவது. எண்ணிப் பார்த்தால் நாலு வசனக்காரிக்கு இருபது இருபத்தைந்து கியூ வரும். சின்னப் பாத்திரம், பெரிய பாத்திரம் என்பதற்கு என் கணக்கு இதுதான். கிழக்கின் கூத்தில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரோடு நின்று பிற்பாட்டுப் பாடுகிறவரை யாரும் வசனக் கணக்கில் அளப்பதில்லை. அவர் ஒரு அடி பிந்தினால் ஆடுகிறவரின் கால் தடுமாறும்.

இதற்குள் உங்கள் கேள்வி ஒன்றுக்கும் பதில் இருக்கிறது. பெரிய பாத்திரம் கேட்காதீர்கள். முதல் தடவை மேடையேறும் பிள்ளையை நாற்பது நிமிடமும் மேடையில் நிறுத்த ஒரு நெறியாளர் துணிந்தால், அவள் ஓடிவிட மாட்டாள், வேடிக்கை பார்த்து நிற்க மாட்டாள் என்று கணித்திருக்கிறார். நாலு கிழமை மட்டும் இருக்கும்போது பாத்திரத்தை மாற்றினால் இன்னொரு பிள்ளையின் பாத்திரமும் மாறும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பா.

கொப்பியை வைத்துப் பயிற்சி எப்படி? ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், அதையும் இரண்டாகப் பிரியுங்கள். பின்னேரம் ஐந்து நிமிடம், படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம். நீங்கள் இடது பக்கத்தை மட்டும், உணர்ச்சி எதுவும் போடாமல் வாசியுங்கள். முதல் மூன்று நாள் வரிசையாகவும், பிறகு குலைத்துக் குலைத்தும் கேளுங்கள். இருந்த இடத்தில் வேண்டாம். அவள் உடுப்பு மடிக்கும்போதும், நீங்கள் தேங்காய் துருவும்போதும் எதிர்பாராமல் ஒரு கியூவைப் போடுங்கள். பந்தொன்றை எறிந்தபடி சொல்வது இன்னும் நல்லது. நீங்கள் கடைசிச் சொல்லோடு பந்தை விட, அவள் பிடித்ததும் வசனம் வர வேண்டும். கை பிடிக்கத் தயாராக இருக்கும்போது காதும் தயாராக இருக்கும்.

கண்ணாடி முன் நின்று பழகவிட வேண்டாம். கண்ணாடியில் பழகிய பிள்ளை மேடையில் எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் தன் முகம் எப்படி இருக்கிறது என்றே யோசித்துக்கொண்டு நிற்கும். அதேபோல், 'இப்படிச் சொல்லு' என்று நீங்கள் நடித்துக் காட்டவும் வேண்டாம். அவள் உங்கள் குரலைப் பாடமாக்குவாள். ஒத்திகையில் நெறியாளர் வேறு விதமாகக் கேட்பார். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை விறைத்துப்போய் நிற்கும். நடிப்புச் சொல்லிக் கொடுப்பது அங்கே, கேட்கப் பழக்குவது இங்கே.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு, பேச்சுப்போட்டி ராகம். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மேட்டில் ஏறி ஒரே பள்ளத்தில் இறங்கும். வசனத்தை ஒரே மூச்சில் பல தடவை ஒப்புவித்தால் அந்த ராகம் ஒட்டிக்கொள்கிறது, பிறகு கழற்றுவது பெரும்பாடு. ஒட்டாமல் இருக்க, ஒரே வசனத்தை விதம்விதமாகச் சொல்லச் சொல்லுங்கள். உப்புப் போத்தலைக் கேட்பதுபோல ஒருக்கால், படலைக்கு வெளியே போகிற ஓட்டோவை மறிப்பதுபோல ஒருக்கால், நித்திரைப் பிள்ளையை எழுப்பாமல் ஒருக்கால். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. வசனம் இளகி இருந்தால் நெறியாளர் விரும்பிய பக்கம் வளைத்துக்கொள்வார்.

குரலைப் பற்றி. 'சத்தமாகச் சொல்லு' என்றால் பிள்ளை தொண்டையை நெரித்துக் கத்தும். அது இரண்டாவது கிழமையே குரலை அடைத்துவிடும். எங்களுக்கு வேண்டியது தெளிவு. தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்தானா செய்யவில்லையா, வா என்றானா வராதே என்றானா என்பது கடைசி எழுத்துகளில் தொங்குகிறது. பிள்ளைகள் மூச்சு முடிந்து விழுங்குவதும் அந்தக் கடைசி எழுத்துகளைத்தான். 'நான் வலையைத் தொடவில்லை' என்பதில் 'வில்லை' காற்றோடு போனால் பின்வரிசைக்காரர் நண்டுதான் வலையைத் தொட்டது என்று வீட்டுக்குப் போவார்கள். வசனத்தின் கடைசிச் சொல்லைத் தரையில் ஒரு கல்லை வைப்பதுபோல வைக்கச் சொல்லுங்கள். இழுக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

சோதிக்க ஒரு வழி: ஒழுங்கையில் அவளை நிறுத்தி, இருபது பெரிய எட்டுத் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நில்லுங்கள். அவள் சொல்லச் சொல்ல, கேட்காத சொல்லுக்குக் கையைத் தூக்குங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் உதடு பார்த்து நாம் விளங்கிக்கொள்வோம், அது ஏமாற்று. ஆவணியில் கச்சான் காற்று இன்னும் இருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்த வரண்ட காற்று, மேடை கிழக்கைப் பார்த்து இருந்தால் குரலைச் சபைப் பக்கம் கொண்டுபோகும், மேற்கைப் பார்த்து இருந்தால் பேசுபவரின் வாய்க்குள்ளேயே திருப்பி அனுப்பும். உங்கள் முற்றத்தில் மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டு, ஒழுங்கையிலும் அதற்கேற்ப நின்று பழகுங்கள்.

நண்டு குந்தியிருந்து பேச வேண்டி வரும். இதை யாரும் யோசிப்பதில்லை. முழுக்கக் குந்தினால் வயிறு மடிந்து தொடையில் அமுங்குகிறது. மூச்சு கீழே இறங்க இடமில்லாமல் குரல் கீச்சென்று வரும். ஆகவே பேசுவதற்கு முன் முழங்காலை அரைவாசி நிமிர்த்தி, வாயைத் திறந்து மூச்செடுத்து, பேசி முடித்த பிறகு இறங்க வேண்டும். எழும்பு, மூச்சு, பேச்சு, இரு என்ற இந்த வரிசை ஒன்றாகிவிடும் வரை ஒவ்வொரு கியூவோடும் செய்யட்டும். மேடை ஓரத்தில் தரையில் மைக் வைப்பார்களானால் பலகையில் கால் பதியும் சத்தமெல்லாம் அதற்குள் போகும். மடித்த துவாய் ஒன்றின்மேல் மைக்கை வைத்து, தலைக்கு ஸ்பொஞ்ச் உறை போட்டால் கால் சத்தமும் காற்றின் இரைச்சலும் பெருமளவு குறையும். நெறியாளருக்கு இதைச் சொல்வதில் தவறில்லை. பாத்திரம் கேட்பதைப்போல் அல்ல, துவாய் கொடுப்பதைத் தலையீடு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

நடை. பொழுதுபடும் நேரம் ஒருநாள் அவளை டச்பே கடற்கரைக்குக் கூட்டிப் போய், ஈர மணலுக்குச் சற்று மேலே, வளைகள் இருக்கும் இடத்தில் அசையாமல் பத்து நிமிடம் இருங்கள். நண்டு நடந்துகொண்டே இருப்பதில்லை. நிற்கும், கண் மட்டும் தண்டில் நிமிர்ந்து நிற்கும், சட்டென்று பக்கமாக ஓடும், திரும்பவும் கல்லாக நிற்கும். இரண்டு கொடுக்கும் ஒரே அளவாக இருக்காது, ஒன்று பெரிது. ஆள் நிழல் விழுந்ததும் முதலில் நின்று பார்த்து, பிறகுதான் வளைக்குள் போகும். மேடையில் நண்டுக்கு வேண்டிய எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது, முக்கியமாக அந்த நிற்பு. எல்லாப் பக்கமும் காதை விட்டுக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் வசனமில்லாத முப்பத்தெட்டு நிமிடத்துக்கும் அவளுடைய வேலை. அப்போது பார்வை பேசுகிறவர் மேல் இருக்க வேண்டும். சபையில் ஒருவர் சிரித்துவிட்டால் அதே சேட்டையைத் திரும்பச் செய்யும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். 'மீனவர் பேசேக்க நண்டு கொடுக்கை ஆட்டினால் சனம் மீனவரைப் பாக்காது' என்று ஒருக்கால் சொல்லி வையுங்கள், அவளுக்கு விளங்கும்.

பக்கமாக நடக்கும்போது கால் ஒன்றை ஒன்று தாண்டக் கூடாது. தாண்டினால் வேகமாகப் போகும்போது கால் பின்னி விழுவாள். வலக்காலை அகட்டி வைத்து, இடக்காலைக் கிட்ட இழுக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது நிமிடமும் ஒரே குந்தலில் இருக்க முடியாது. நரம்பு அமுங்கிக் கால் விறைக்கும், எழும்பும்போது தடுமாறும். தாழ்வு, அரை உயரம், கால் அகட்டிய நிமிர்வு என்று மூன்று நிலை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருக்கால் மாறட்டும். எந்த வசனத்தில் மாறுவது என்பதையும் கொப்பியில் எழுதலாம்.

உடுப்புக்கு ஒரே ஒரு சட்டம்: காதை மூடக் கூடாது. கடைகளில் விற்கும் முழுத்தலை மிருகத் தொப்பிகளை வாங்கினால், நாலு கிழமை பழகிய கியூ எல்லாம் பஞ்சுக்குள் போய்விடும். தலைக்கு ஒரு பட்டி, அதில் கம்பி வைத்து இரண்டு கண். கம்பி நுனியை மடித்துத் துணி சுற்றுங்கள், குனியும்போது பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும்.

நண்டுக்குப் பத்துக் கால், கொடுக்கு இரண்டும் சேர்த்து. அவளுடைய கைகள் இரண்டும் கொடுக்கு, கால்கள் இரண்டும் அவளுடையவை. ஆக நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்தான். சிவப்பு அல்லது செம்மஞ்சள் பருத்தித் துணியில் 40 சென்ரிமீற்றர் நீளக் குழாய்கள் தைத்து, வெட்டுத்துணியைத் தளர்வாக அடையுங்கள். ரீசேட்டின் பக்கத் தையலில் கக்கத்துக்குக் கீழே 8 சென்ரிமீற்றர் இடைவெளியில் பொருத்தி, மூன்று நுனியையும் தங்கூசி நூலால் ஒன்றோடொன்று கோத்து, மேல் நுனியை முழங்கைக்குக் கிட்டக் கட்டினால் கை அசையும்போது எல்லாக் காலும் சேர்ந்து அசையும். குந்தும்போது கீழ்க்கால் நிலத்தில் இழுபடக் கூடாது. இழுபட்டால் யாராவது மிதிப்பார்கள், தையல் கிழியும். ஓட்டுக்கு அட்டைப்பெட்டி போதும். தோளை விட அகலமாக வெட்டாதீர்கள், கச்சானில் அது பாயாகி அவளைத் தள்ளும். உட்பக்கத்தை செலோரேப்பால் மூடினால் வியர்வையில் ஊறி மடங்காது. கொடுக்கைக் கையுறைபோலச் செய்து, ஒரு கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வெளியே வரும்படி விடுங்கள். ஏதாவது பிடிக்க வேண்டி வரும், மூக்கும் கடிக்கும். முழங்காலுக்கு உள்ளே 2 சென்ரிமீற்றர் தடிப்பில் ஸ்பொஞ்ச்.

முக்கியம், இந்த உடுப்பை மேடையேற்றத்துக்கு முதல் நாள் கையில் கொடுக்காதீர்கள். பத்து நாளுக்கு முன் முடித்து, முதலில் வீட்டில் பத்து நிமிடம், பிறகு இரண்டு ஒத்திகைக்கு முழுதாகப் போடட்டும். மட்டக்களப்புக் கூத்தில் அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல் என்று ஒன்று வைப்பார்கள், முழுதையும் ஆடிப் பார்க்கும் நாள். அந்த நாளில்தான் எது கழரும், எது இடறும் என்று தெரியவரும். உங்கள் குழுவில் அப்படியொரு நாள் இல்லை என்றால் கேளுங்கள், அதுவும் இருட்டிய பிறகு, விளக்குப் போட்டு. ஆறரைக்கு மேல் மேடை வெளிச்சத்திலிருந்து பக்கவாட்டு இருட்டுக்குள் இறங்கும் பிள்ளைக்குச் சில விநாடி ஒன்றுமே தெரியாது. படியின் விளிம்பில் வெள்ளை ரேப் ஒட்டச் சொல்லுங்கள். பலகை மேடை என்றால் துருத்தும் ஆணியையும் பலகை இடைவெளியையும் யாராவது பெரியவர் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பார்க்கும் வரை வெறுங்காலோடு விடாதீர்கள்.

ஒப்பனைக்கு அதிகம் வேண்டாம், கன்னத்தில் இரண்டு சிவப்பு வட்டம், புருவக்கோடு. எதைப் பூசினாலும் முதல் நாள் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி 24 மணித்தியாலம் பாருங்கள். மை, உதட்டுச்சாயம் ஆகியவற்றை ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போடுவதால் நோய் தொற்றலாம், அவளுக்குத் தனியாகக் கொடுத்து விடுங்கள். பெயர் ஒட்டாத பொடிகளை வாங்காதீர்கள். நாம் ஒப்பனைக்குச் சொல்லும் அரிதாரம் என்ற சொல்லே ஆசனிக் கலந்த மஞ்சள் கனிமத்தின் பெயர்தான், அழகுக்காக நஞ்சைப் பூசிய காலம் அது. கழுவத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சவர்க்காரம்.

இனி வயிற்று நோவு. இதைக் கடைசியாக எழுதுவதால் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற நாட்களிலும் நோகிறதா, இரவில் எழுப்புகிறதா, சத்தி, காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். ஒத்திகை நாளில் மட்டும் என்றால் அது பொய்யல்ல. பதற்றத்தில் உடல் குடலிலிருந்து இரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்புகிறது. வயிறு பிசைவது, வாய் வரள்வது, சலம் முட்டுவது எல்லாம் அந்தப் பதற்றத்தால்தான்.

ஆனால் எதைப் பார்த்துப் பதற்றம்? வசனத்தை விட்டதற்கு எல்லோர் முன்னும் பேச்சு வாங்கினாளா, பெரிய பிள்ளைகள் நண்டு நண்டு என்று பகிடி பண்ணுகிறார்களா, மலசலகூடம் இருட்டாக இருக்கிறதா, பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடாமல் போகிறாளா? 'பயமா?' என்று கேட்டால் 'இல்லை' என்பாள். வேறு வேலை செய்துகொண்டு, முகத்தைப் பார்க்காமல், 'ஒத்திகையில எந்த நேரம் நல்லாயிருக்கும், எந்த நேரம் எப்ப முடியும் எண்டு இருக்கும்?' என்று கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையும் இருபது வயது இளைஞரும் ஒன்றாக இருக்கும் குழு இது. உடுப்பு மாற்றும் இடத்தில் யார் நிற்கிறார்கள், தனியாக ஒரு பெரியவரோடு பிள்ளை இருக்க வேண்டி வருகிறதா, வீட்டுக்கு யார் கூட்டி வருகிறார்கள், படம் எடுத்து முகநூலில் போடுவது யார் என்பதையெல்லாம் நெறியாளரிடம் நேரே கேட்பது உங்கள் உரிமை. நல்ல குழு கோபிக்காது. யாராவது தொட்டதாக, மிரட்டியதாக ஒரு சொல் வந்தாலும் ஒத்திகையை நிறுத்திவிட்டு 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கத்துக்கு எடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை, முறை தவறிவிடுமே என்ற பயம்தான் என்றால், கொப்பி வேலை தொடங்கி ஒரு கிழமையில் நோவு பாதியாகக் குறைய வேண்டும். மிச்சத்துக்கு, மூன்று எண்ணும் வரை மூச்செடுத்து ஆறு எண்ணும் வரை விடட்டும், ஐந்து தடவை. கொடுக்கை ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பொத்திப் பிறகு விடலாம், அதை மேடையிலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. 'பயப்படாத' என்று சொல்லாதீர்கள், செய்ய முடியாத கட்டளை அது. மறந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது அதைவிட உதவும். நண்டு கல்லாக நிற்கும், இரண்டு எண்ணும், பக்கத்தில் எடுத்துக்கொடுக்கிறவர் சொல்வதைக் கேட்டுத் தொடரும். எடுத்துக்கொடுப்பவர் யார், எந்தப் பக்கம் நிற்பார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது முன்வரிசையில் இருந்து வாயசைக்கும் அம்மாவாக இருக்கக் கூடாது. நீங்கள் நாலாம் ஐந்தாம் வரிசையில், ஓரமாக இருங்கள், கை காட்டாதீர்கள்.

கணவரின் கவலை நியாயமானது. ஆனால் இப்போது நிறுத்தினால் பிள்ளை எடுத்துக்கொள்வது 'நான் பிழைவிட்டதால் நிறுத்தினார்கள்' என்பதைத்தான். ஒத்திகை நாட்களை ரியூசன் நேரத்தோடு ஒரே கலண்டரில் குறியுங்கள். முட்டும் நாட்களை ரியூசன் ரீச்சருக்கும் நெறியாளருக்கும் இன்றைக்கே சொல்லுங்கள். கடைசிக் கிழமையில் ஒரு ஒத்திகையும் விடக் கூடாது. நிற்கும் இடங்கள் மாறுவது அந்தக் கிழமையில்தான்.

மேடையேறும் நாள் சாப்பாடு இரண்டரை மணித்தியாலத்துக்கு முன், இடியப்பமும் சொதியும் போல இலேசாக. சோடா வேண்டாம், குந்தும்போது ஏப்பம் வரும். தொண்டைக்கு மிளகு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் நிறுத்துங்கள், எரிவுதான் மிஞ்சும். கற்கண்டு ஒரு துண்டு பரவாயில்லை, எச்சில் ஊறும். பின்னேரம் முழுக்க மற்றப் பிள்ளைகளோடு கத்தி விளையாட விடாமல் பார்த்துக்கொள்வது இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து. குரல் கரகரத்தால் பேசாமல் இருக்கட்டும். குசுகுசுப்பதும் ஓய்வல்ல.

சனிக்கிழமை இரவு பிழை எதையும் எடுத்துச் சொல்லாதீர்கள். 'சுப்பர்' என்று பொதுவாகவும் சொல்லாதீர்கள். 'நீ வலை வருது எண்டு கத்தேக்க பின்னால இருந்தவை திரும்பிப் பாத்தவை' என்பதுபோல, கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். அம்மம்மாவையும் ஒன்று சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் நாடகத்தில் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாம் நாள்தான். முதல் நாள் பயத்தில் காது முழுக்கத் திறந்திருக்கும். மறுநாள் எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், மற்றவர் பேசி முடிக்கும் முன்னே வசனம் வாயில் வந்து நிற்கும். ஆகவே ஞாயிறு பின்னேரம், உடுப்புப் போடும் முன், அந்தக் கொப்பியை எடுத்து இடது பக்கத்தை ஒரு தடவை குலைத்துக் கேளுங்கள். கூடவே தங்கூசி முடிச்சுகளையும் இழுத்துப் பாருங்கள், ஒரு நாள் ஆட்டத்தில் இரண்டு முடிச்சாவது தளர்ந்திருக்கும்.